ஆட்டை மட்டும் நம்பியவர்

என் வயிறு ஒரு காலத்தில் உத்தியோகம் பார்த்தது. சம்பளம் கிடையாது, பொறுப்பு மட்டும் பெரியது. எங்கள் நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால், குளக்கட்டு வேலைகளை மேற்பார்வை செய்த ஓவசியர் ஒருவர் இருந்தார். அவர் எதைச் சாப்பிடுவதென்றாலும் முதல் வாய் நான் சாப்பிட வேண்டும். பிறகு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சாகவில்லை என்று நிச்சயமான பிறகுதான் கை கழுவுவார்.

நான் அதே கந்தோரில் கிளாக்கர். இரண்டு பேரும் திருகோணமலை ரவுணில் ஒரு வீட்டின் பின்னறையில் போர்டிங். அறுபதுகளின் கடைசி அது. இத்தனை பேர் இருக்க என்னை ஏன் இந்த உத்தியோகத்துக்குத் தெரிந்தெடுத்தார் என்று ஒருநாள் ரோசத்தோடு கேட்டேன்.

"ஐசே, உம்மட்டை வஞ்சகம் இல்லை" என்றார். நான் குளிர்ந்துபோனேன். "வஞ்சகத்துக்குக் கொஞ்சமாவது மூளை வேணும்" என்று முடித்தார்.

அவருக்கு எல்லாரிலும் சந்தேகம். காலையில் "சுகமோ அண்ணை?" என்று கேட்டால் "ஏன் கேக்கிறீர்?" என்பார். கதிரையில் இருப்பதற்கு முன் அதைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பார். சலூனில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் சவரக்கத்தியையே பார்த்துக்கொண்டிருப்பார். கோயிலில் ஐயர் தரும் மோதகத்தைக் கண்ணில் ஒற்றி வாங்குவார். வாங்கி, மதிலில் இருக்கும் காகத்துக்கு ஒரு துண்டு போடுவார். காகம் நல்லபடி பறந்து போன பிறகுதான் அவருக்குப் பக்தி வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தபோது தாயார் சொல்லி அனுப்பியிருந்தாராம்: "மோனை, அங்கை தண்ணி வாங்கிக் குடிக்கிறதெண்டாலும் ஆளைப் பாத்துக் குடி. மருந்தைப் போட்டுப் பாயோடை ஒட்டிப்போடுவாளவை." நான் தம்பலகாமத்துக்காரன். எங்கள் பக்கத்துப் பெண்களிடம் அப்படி ஒரு வசிய மருந்து இருந்திருந்தால் நான் இன்னும் பிரமச்சாரியாக உங்களோடு ஓர் அறையில் குறட்டை விட்டுக்கொண்டு இருப்பேனா அண்ணை என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்மிலை போட்டு வீணாக்க மாட்டினம்" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் சந்தேகப்படாமல் சாப்பிட்ட இடம் ஒன்றே ஒன்று உண்டு. கிண்ணியாக்கார முஸ்லிம் நானா ஒருவர் நடத்திய சோற்றுக்கடை. ஞாயிறு மத்தியானம் அங்கே ஆட்டிறைச்சிக் கறியும் ஈரல் பொரியலும். அங்கு மட்டும் என் வயிற்றுக்கு விடுமுறை. காரணம், சனிக்கிழமையே ஓவசியர் கடையின் பின்பக்கம் போய் ஆட்டை நேரில் பார்த்துவிடுவார். கண் இமையை இழுத்துப் பார்ப்பார். பல்லைப் பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார்.

"என்ன ஓவசியர் ஐயா, பொம்புள பாக்க வந்த மாதிரிப் பாக்கிறீங்க" என்பார் நானா. "புள்ளைக்குச் சம்மதம். நாளைக்கு அறுக்கவா?"

"நல்ல முகம். கள்ளம் இல்லை" என்று ஓவசியர் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொடுப்பார். மனிதரில் யாரைப் பற்றியும் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் தாக்குதல் ஒரு ஞாயிறு பின்னேரம் நடந்தது. இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக்கடையில் இருந்தோம். கடமைப்படி நான் ஒரு மிடறு குடித்து, உயிரோடு இருந்து காட்டி, கோப்பையைக் கொடுத்தேன். அவர் பாதி குடித்திருப்பார். உள்ளங்கையைச் சொறிந்தார். கழுத்தில் தடிப்புத் தடிப்பாக ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு உதடும் கத்தரிக்காயாக வீங்கின, கண்கள் மூடிக்கொண்டன. பேச முடியாமல் விரலை நீட்டித் தேத்தண்ணிக்கடைக்காரரைக் காட்டினார்.

கடைக்காரருக்கு வந்ததே கோபம். மிச்சத் தேத்தண்ணியை எல்லாருக்கும் முன்னால் எடுத்து மடமடவென்று குடித்தார். "இந்தா பாருங்கோ! நான் செத்தா என்ட பெண்சாதிக்குச் சொல்லுங்கோ, ஓவசியரால செத்தவன் எண்டு!"

அவர் சாகவில்லை. வீக்கம் வற்றிக் குரல் வந்ததும் ஓவசியர் சொன்ன முதல் வார்த்தை, "அவன் குடிச்சுப் பழகினவன்."

டிஸ்பென்சரி டொக்டர் குளிசை கொடுத்தார். "உங்கட உடம்புக்கு ஏதோ ஒண்டு ஒத்துவரேல்லை."

"எனக்கே ஒருத்தரும் ஒத்துவாறேல்லை டொக்டர். உடம்பு என்னட்டைத்தானே பழகினது."

அதற்குப் பிறகு எங்கள் அறை பொலிஸ் ஸ்டேஷன் ஆகிவிட்டது. இன்னொரு ஞாயிறு பின்னேரம் கதலிப்பழம் சாப்பிட்ட கையோடு வீங்கினார், கதலிப்பழம் கைதானது. பிறகு ஒரு புதுச் சவர்க்காரம். பிறகு போர்டிங் வீட்டுப் பூனை. சில ஞாயிறுகளில் ஒன்றுமே வராது, அது இன்னும் பெரிய சந்தேகம். "இண்டைக்கு ஏன் வரேல்லை? ஆரோ யோசிச்சுச் செய்யிறாங்கள் ஐசே" என்பார். கடைசியாக வாய்க்குள் போனதோ மேலில் பட்டதோ எதுவோ அதுவே குற்றவாளி. மத்தியானம் என்ன சாப்பிட்டீர் என்று அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.

என் மகள் இப்போது வெளிநாட்டில் டொக்டராக இருக்கிறாள். இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சிரிக்காமல் கேட்டவள் அவள் மட்டும்தான்.

"அப்பா, அவர் காட்டிலை வேலை செய்தவரோ? உண்ணி கடிச்சிருக்குமோ?"

கடித்திருக்குமோவா! தம்பலகாமத்துக் காட்டு வாய்க்கால் ஓரமெல்லாம் யானையும் மாடும் போன தடத்தில் நடந்து திரிந்த மனிதர். வந்து காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கணுக்காலில் தேங்காயெண்ணெய் பூசி, உண்ணி உண்ணியாகப் பிடுங்குவார். அவற்றை அவர் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படும் அளவுக்கு மதிக்கவில்லை என்று சொல்லலாம்.

மகள் விளங்கப்படுத்தினாள். உடம்புக்குள் ஒரு காவல்படை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியைப் பிடிப்பது அதன் வேலை. உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு ஒருவகைச் சர்க்கரை உள்ளே போகுமாம். நாம் தேத்தண்ணிக்குப் போடும் சீனி இல்லை. ஆடு, மாடு, பன்றி இறைச்சியில் இயல்பாகவே இருப்பது. மனித உடம்பில் இல்லாதது. சிலருடைய காவல்படை அதைக் கள்ளனின் முகம் என்று மனப்பாடம் பண்ணிவிடும். பிறகு ஒருநாள் ஆட்டிறைச்சியில் அதே முகம் வருகிறது. அதுவும் கொழுப்போடு கலந்து மெதுமெதுவாக இரத்தத்தில் சேருவதால், மத்தியானம் தின்றதற்குப் பின்னேரம்தான் காவல்படை விசில் ஊதும்.

எனக்கு உடனே விளங்கியது. சீனன்குடாப் பக்கத்தில் ஒரு களஞ்சிய வாசலில் முன்னொரு முறை நீலச் சட்டைக்காரன் எதையோ களவெடுத்துவிட்டான். அன்றிலிருந்து அங்கே நின்ற காவலாளிக்கு நீலச் சட்டை என்றால் பேய் பிடிக்கும். என்னுடைய தீபாவளிச் சட்டை நீலம். அவன் விசில் ஊத, நாலு பேர் ஓடிவர, ஒருவர் மேல் ஒருவர் விழ, அடுக்கியிருந்த கண்ணாடிச் சாமான் எல்லாம் நொறுங்கியது. கள்ளன் கொண்டுபோனதைவிட என்னைப் பிடித்ததில் போன சாமான் அதிகம். ஓவசியரின் உடம்புக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததும் இதுதான்.

"சோதிச்சுப் பாக்காமல் உறுதியாச் சொல்லேலாது" என்றாள் மகள். சரி. ஆனால் பின்னாளில் அவர் கோயிலில் அம்மாளாச்சிக்கு நேர்ந்து மச்சம், மாமிசம் எல்லாவற்றையும் விட்டார். வீக்கமும் அவரை விட்டது. புகழ் முழுக்க அம்மாளாச்சிக்குப் போனது. அந்தக் காலத்தில் பெரிய டொக்டர்மாருக்கே தெரியாத சங்கதி இது. ஆடுதான் ஆள் என்று உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாததால் ஒரு பெண் அகப்பட்டுக்கொண்டார்.

மூதூருக்கு லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகு ஓட்டும் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். கிளிவெட்டிக்காரர். தங்கையோடு ரவுணில் இருந்தார். தங்கை தையல் ரீச்சர். வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தையல் பழக்கினார். "கடைத் தேத்தண்ணியாலதானே கரைச்சல்? ஞாயிறு பின்னேரம் எங்கட வீட்ட வாங்கோ" என்று லோஞ்ச்காரர் கூப்பிட்டார். தேத்தண்ணிக்கு மட்டும் கூப்பிடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஓவசியருக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது, ரீச்சருக்கும் ஏறிக்கொண்டிருந்தது.

முதல் நாளே ஓவசியர் கதிரையைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார்.

"கீழ ஒருத்தரும் இல்ல" என்றார் ரீச்சர் தட்டை வைத்துக்கொண்டே. "முதல் வந்த மாப்பிள்ளையை அனுப்பிப்போட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டனாங்கள்."

லோஞ்ச்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஓவசியர் கதிரையை மெதுவாக இறக்கி வைத்தார். நான் என் கடமையைத் தொடங்கினேன். ரீச்சரின் பயற்றம் பணியாரத்தில் ஒன்றைச் சோதித்தால் போதாது என்று என் மனச்சாட்சி சொன்னது, ஐந்தைச் சோதித்தேன்.

இரண்டு ஞாயிறு நல்லபடியாகப் போனது. இரண்டாம் ஞாயிறு திரும்பி வரும் வழியில், கடற்கரை வீதியில், ஓவசியர் திடீரென்று நின்றார்.

"ஐசே, அவ தேத்தண்ணி ஊத்தேக்கை நான் கையைப் பாக்கேல்லை. முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

இதைவிடப் பெரிய காதல் வசனம் எதையும் அந்த மனிதரிடம் எதிர்பார்க்க ஏலாது.

மூன்றாம் ஞாயிறு அந்த விறாந்தையிலேயே வீங்கினார். உள்ளங்கை, கழுத்து, உதடு என்று அதே வரிசை. எழும்பினார். கோப்பையைப் பார்த்தார். ரீச்சரைப் பார்த்தார். தாயார் சொல்லி அனுப்பியது அத்தனையும் அந்த வீங்கிய முகத்தில் தெரிந்தது.

"என்ன போட்டனீர்?"

ரீச்சர் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "சீனி" என்றார்.

ஓவசியர் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் படலையைத் தாண்டிப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை முதல் லோஞ்சிலேயே கதை மூதூருக்குப் போய்ச் சேர்ந்தது. லோஞ்ச்காரர் தன் தங்கையைப் பற்றிய கதையைத் தன் லோஞ்சுக்குள், தன் முதுகுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டே சுக்கானைப் பிடிக்க வேண்டியிருந்தது. "ஓவசியருக்கு மருந்து போட்டவளாம்." "கொஞ்சம் கூடிப்போச்சுதாம்." தையலுக்கு வந்த பிள்ளைகள் முதலில் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிறகு காய்ச்சல் என்றார்கள். பிறகு வரவேயில்லை. ரீச்சரின் சாப்பாடே அந்த வகுப்பில்தான் இருந்தது. அதைவிட, இந்தப் பேரோடு அந்த ஊரில் யார் வீட்டுப் படலையையும் அவர் திறக்க ஏலாது.

ஓவசியருக்கோ மனம் சரியில்லை. ஆட்டைப் பார்க்கவும் போகவில்லை, நானாவின் கடைக்கும் போகவில்லை. போர்டிங் வீட்டில் சோறும் மீன் குழம்பும் பிசைந்தபடி இருப்பார். ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, மூன்று ஞாயிறு. வீக்கம் வரவேயில்லை.

"பாத்தீரே?" என்றார். அதில் வெற்றி இல்லை. தாயார் செத்த செய்தி சொல்பவர் மாதிரி இருந்தது. "அங்கை போறேல்லை. ஒண்டும் வாறேல்லை."

எனக்கும் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. ஐந்து பணியாரம் சாப்பிட்டவன் நான். எனக்கும் மருந்து ஏறியிருக்குமோ என்று கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். ரீச்சர் மேல் ஏதாவது மோகம் வருகிறதா என்று யோசித்தேன். பணியாரத்தின் மேல்தான் வந்தது.

ஒருநாள் ரீச்சர் கந்தோர் வாசலில் குடையோடு நின்றார். என்னைத்தான் தேடி வந்திருந்தார்.

"அண்டைக்கு நீங்கள் முதல் எடுத்துச் சாப்பிட்டது பசியிலயா, சோதிச்சுப் பாக்கவா?"

ஓட இடமில்லை. "பசியும்தான் ரீச்சர்."

அவர் குடையை மடக்கினார். "வாற ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரு சாமானும் குடுக்க மாட்டன். பச்சைத் தண்ணியும் இல்ல. கதிரையைக் கூட நீங்களே உங்கட அறையில இருந்து தூக்கிக்கொண்டு வாங்கோ. பின்னேரம் முழுக்க அவர் இருக்கட்டும். ஒண்டும் வராட்டி நான் கிளிவெட்டிக்குப் போறன். இந்த ஊர்ப் பக்கம் வர மாட்டன்."

"வந்தா?"

"வந்தா, அவர் எல்லாருக்கும் முன்னால சொல்ல வேணும், நான் இல்லையெண்டு."

ஓவசியரிடம் சொன்னேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் "ஞாயமான விசாரணை" என்றார். அவர் சந்தேகக்காரர்தான், அநியாயக்காரர் இல்லை. சனிக்கிழமை பழையபடி நானாவின் கடைக்குப் போனார். ஞாயிறு மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டார். "விசாரணைக்கு வெறும் வயித்தோடை போகக்கூடாது" என்று ஈரல் இன்னொரு தட்டு எடுத்தார்.

கதிரையைத் தலையில் காவிக்கொண்டு கடற்கரை வீதியால் போனவன் நான்தான். என்னைப் பார்த்தவர்கள் போர்டிங்கை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

விறாந்தையில் பிள்ளைகளின் தாய்மார் நாலு பேர் பாயில் இருந்தார்கள். "கதையைக் காவிக்கொண்டு போனவையள் கண்ணாலயும் பாக்கட்டும்" என்று ரீச்சரே கூப்பிட்டிருந்தார். ஓவசியர் நடுவில், எங்கள் கதிரையில். லோஞ்ச்காரர் தூணோடு சாய்ந்து நின்றார். ரீச்சர் எட்ட, வாசற்படிக்கு அந்தப் பக்கம், இரண்டு கையும் எல்லாருக்கும் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். குசினியில் அடுப்பு மூட்டவில்லை. பணியாரம் இல்லாமல் அந்த வீட்டில் நான் இருந்த ஒரே பின்னேரம் அது.

நேரம் போனது. ஒரு தாய் கொட்டாவி விட்டார். இன்னொருத்தி மற்றவளின் காதுக்குள், "அவவுக்குப் போக வேண்டி வரும் போல" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. எனக்கே ரீச்சரைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு மனிதருக்கு வருத்தம் வரவேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

ஓவசியர் உள்ளங்கையைச் சொறிந்தார்.

முதலில் கண்டது ரீச்சர்தான். எழும்பி நின்றார், ஆனால் கிட்ட வரவில்லை. தடிப்புக் கழுத்தில் ஏறியது. உதடு வீங்கியது. இந்த முறை அதோடு நிற்கவில்லை. இழுத்து இழுத்து மூச்சு விட்டார், நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. கையை நீட்டினார்.

"தண்ணி..."

ரீச்சர் ஓடிப்போய்ச் செம்பை எடுத்துவிட்டார். இரண்டடி வந்தார். நின்றார். கையில் இருந்த செம்பைப் பார்த்தார். பிறகு அதை அப்படியே நிலத்தில் ஊற்றி, வெறும் செம்பைப் பாயில் இருந்த ஒரு தாயிடம் நீட்டினார்.

"நீங்கள் போய் அள்ளிக் குடுங்கோ." என்றார். "கிணறும் பாத்து அள்ளுங்கோ." அண்ணனின் பக்கம் திரும்பி, "அண்ணா, காரைக் கூப்பிடுங்கோ! ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? மனிசன் சாகப்போறார்!" என்று கத்தினார்.

ஆசுபத்திரியில் ஊசி போட்டு ஆளைக் காப்பாற்றினார்கள். டியூட்டியில் இருந்த டொக்டர் கடைசியாக என்ன சாப்பிட்டவர் என்று கேட்டார்; மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றேன். அப்போ சாப்பாட்டால் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஓவசியர் சொன்னபடி செய்தார். கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம், "அவ இல்லை. அவவிலை ஒரு பிழையும் இல்லை" என்றார், வீங்கிய உதட்டால், திரும்பத் திரும்ப. தாய்மார் கதையைக் காவிக்கொண்டு போன வேகத்தில் இதையும் காவிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளின் காய்ச்சல் ஒரே கிழமையில் மாறிவிட்டது. விறாந்தையில் மறுபடி தையல் மெசின் சத்தம்.

பிறகு ஒரு பின்னேரம், வெளுத்த வேட்டியோடு ஓவசியர் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். லோஞ்ச்காரரும் விறாந்தையில் நின்றார். ஓவசியர் கதிரையைத் தூக்கிப் பார்க்காமல் அதில் இருந்தார்.

"மன்னிக்க வேணும். உமக்குச் சம்மதமெண்டா நாள் பாப்பம்" என்றார். இதைச் சொல்ல அவர் அறையில் மூன்று நாள் பழகியிருந்தார், கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

ரீச்சர் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஓவசியர் அதை எடுத்துச் சுடச்சுட ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

"இண்டைக்குக் குடிச்சிட்டீங்கள்" என்றார் ரீச்சர். "பிறகொருநாள், கலியாணம் முடிச்ச பிறகு, திரும்பவும் வீங்கினால் ஆரை நினைப்பீங்கள்?"

இல்லை என்று ஒரு பொய் சொன்னால் முடிந்தது. நான் காலால் அவர் காலை இடித்துக்கூடப் பார்த்தேன். ஆனால் யாரையும் நம்பாத மனிதர்களிடம் ஒரு கோளாறு இருக்கிறது. தங்களையும் அவர்கள் நம்புவதில்லை.

"முதல் உம்மைத்தான் நினைப்பன்" என்றார். "பிறகு, சீ, அவவாக இருக்காது எண்டு நினைப்பன்."

ரீச்சர் சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்பு. அதைப் பார்த்து எல்லாம் சரிவந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அந்தப் பிறகு வாற வரைக்கும்" என்று கேட்டார், "நான் எங்க நிக்கிறது?"

ஓவசியர் தன் வெறுங்கோப்பையைப் பார்த்தார். லோஞ்ச்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் கடல் பக்கம் பார்த்தார். ரீச்சர் வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். நாங்கள் எழும்பிச் செருப்பைப் போட்டு, படலையைச் சாத்தும்வரை, உள்ளே அந்த ஒரு கோப்பையைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.